வீரர்கள் இருந்தும் பற்றாக்குறை ஏன்? அமெரிக்கக் கால்பந்தின் 'வைட் ரிசீவர்' சிக்கல் - ஒரு விளக்கம்

அமெரிக்காவின் தேசியக் கால்பந்து லீக்கான என்எஃப்எல் தொடரின் புதிய சீசன் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் மாதம் தொடங்குகிறது. அதற்கு முன்னதாக ஜூலை இறுதியிலும் ஆகஸ்டிலும் நடைபெறும் பயிற்சி முகாம்களில், பந்தைப் பிடிக்கத் தகுந்த ஆளில்லை என்ற கவலையுடன் ஏதேனும் ஓர் அணியாவது காணப்படுவது வழக்கம்.

முகாமில் ஓர் அணிக்கு 90 வீரர்கள் வரை அனுமதி உண்டு. அவர்களில் பந்தைப் பிடிப்பதற்கென்றே பயிற்சி பெற்ற 'வைட் ரிசீவர்'கள் மட்டும் ஏறத்தாழ 10 பேர் இருப்பார்கள். அவ்வாறிருந்தும் பற்றாக்குறை என்று சொல்லப்படுவது ஏன்? ஒரு நட்சத்திர வீரர் விலகும்போது அந்த இடத்தைப் பணத்தாலோ புதுமுகங்களாலோ உடனடியாக நிரப்ப முடியாதது ஏன்? கிரீன் பே பேக்கர்ஸ் அணி 2022-ஆம் ஆண்டில் சந்தித்த அனுபவம் இக்கேள்விகளுக்குத் தெளிவான விடை தருகிறது.

ஆட்டத்தின் அடிப்படை என்ன?

அமெரிக்கக் கால்பந்து, இந்தியாவில் ஆடப்படும் கால்பந்திலிருந்து முற்றிலும் வேறுபட்டது. நீள்வட்ட வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியோ, எறிந்தோ முன்னேற வேண்டும். ஒவ்வொரு பக்கமும் 11 பேர் களத்தில் இருப்பார்கள். ஆடுகளத்தின் நீளம் 100 யார்டு. இரு முனைகளிலும் உள்ள இறுதிப் பகுதிக்குள் பந்தைக் கொண்டு சேர்த்தால் 'டச்டவுன்'. அதற்கு 6 புள்ளிகள் வழங்கப்படும்.

பந்தை வைத்திருக்கும் அணி 4 முயற்சிகளுக்குள் 10 யார்டு, அதாவது சுமார் 9 மீட்டர் முன்னேறியாக வேண்டும். முன்னேறினால் மேலும் 4 முயற்சிகள் கிடைக்கும். தவறினால் பந்து எதிரணிக்குச் செல்லும்.

பந்தை எறிபவர் 'குவார்ட்டர்பேக்' எனப்படுகிறார். அணியின் மூளையாகக் கருதப்படுபவரும் அவரே. களத்தின் ஓரங்களில் விலகி நின்று, வேகமாக ஓடி, அவர் எறியும் பந்தைப் பிடிப்பவர்களே வைட் ரிசீவர்கள். இன்றைய ஆட்டத்தில் பெரும்பாலான முயற்சிகளில் ஒரே நேரத்தில் 3 வைட் ரிசீவர்கள் களத்தில் நிற்கின்றனர்.

முன்னோக்கிப் பந்தை எறிவது 1906-ஆம் ஆண்டில்தான் விதிகளில் அனுமதிக்கப்பட்டது. ஓடும் வீரரைத் தடுப்பாளர் 5 யார்டு தொலைவுக்கு அப்பால் கைகளால் மறிக்கக் கூடாது என்ற விதி 1978-இல் வந்தபின், எறிந்து ஆடும் உத்தி வலுப்பெற்றது. அதன் விளைவாக வைட் ரிசீவர்களின் மதிப்பும் ஊதியமும் உயர்ந்துகொண்டே வந்துள்ளன.

பிடிப்பது மட்டுமா வேலை?

வைட் ரிசீவரின் பணி பந்தைப் பிடிப்பதோடு முடிந்துவிடுவதில்லை. ஒவ்வொரு முயற்சியிலும் அவர் ஓட வேண்டிய பாதை முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்கும். எத்தனை அடி வைத்த பின் திரும்ப வேண்டும், உட்புறமா வெளிப்புறமா என்பதெல்லாம் அதில் அடங்கும். எதிரணியின் தற்காப்பு அமைப்பு கடைசி நொடியில் மாறினால், ஓடும் பாதையையும் மாற்ற வேண்டியிருக்கும். அந்த மாற்றத்தை ரிசீவரும் குவார்ட்டர்பேக்கும் ஒரே நேரத்தில், ஒரே விதமாகக் கணிக்க வேண்டும்.

காரணம், பெரும்பாலான பந்துகள் ரிசீவர் திரும்புவதற்கு முன்பே எறியப்பட்டுவிடுகின்றன. எறிபவரை வீழ்த்த எதிரணியினர் 3 நொடிகளுக்குள் நெருங்கிவிடுவதால், ஆள் திரும்பும் வரை காத்திருக்க அவருக்கு அவகாசமில்லை. ரிசீவர் இன்னும் சென்று சேராத ஓர் இடத்தை நோக்கி, அவர் அங்கே இருப்பார் என்ற நம்பிக்கையில் பந்து எறியப்படுகிறது. அந்த நம்பிக்கை பிழைத்தால் பந்து வெறும் தரையில் விழும், அல்லது எதிரணியின் கையில் சேரும்.

எனவே பற்றாக்குறை என்பது ஆள் எண்ணிக்கையைக் குறிப்பதன்று. எறிபவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பத்தக்க ஆள் இல்லாமையையே அது குறிக்கிறது. அத்தகைய நம்பிக்கை பல மாதங்கள், சில வேளைகளில் பல ஆண்டுகள் சேர்ந்து ஆடியே உருவாகிறது.

பற்றாக்குறை எவ்வாறு உருவாகிறது?

முதன்மையான காரணம் ஊதிய வரம்பு. ஐபிஎல் ஏலத்தில் ஒவ்வோர் அணிக்கும் செலவு வரம்பு இருப்பதை இந்திய ரசிகர்கள் அறிவர். 2025 சீசனுக்கான பெரிய ஏலத்தில் அந்த வரம்பு ரூ.120 கோடியாக இருந்தது. அதில் ரூ.27 கோடியை ரிஷப் பந்த் ஒருவருக்கே லக்னோ அணி செலவிட்டது. என்எஃப்எல் தொடரிலும் இதே கட்டுப்பாடு உண்டு. 2022-இல் ஓர் அணிக்கான ஊதிய வரம்பு 20.82 கோடி டாலர். இந்தத் தொகைக்குள் 53 வீரர்களைக் கொண்ட அணியை அமைத்தாக வேண்டும்.

இரண்டாவது காரணம் காயம். அதிவேகமாக ஓடி, திடீரென நின்று, திசை திரும்பும் பணி என்பதால் தொடைத் தசை, முழங்கால், கணுக்கால் ஆகியவற்றில் காயம் ஏற்படுவது இவர்களிடையே சாதாரணம். மூன்றாவதாக, ஒழுங்கு நடவடிக்கையால் விதிக்கப்படும் தடையும் அணியைத் திடீர் நெருக்கடிக்குத் தள்ளுகிறது.

கிரீன் பே அணியில் நடந்தது என்ன?

விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள கிரீன் பே, சுமார் ஒரு லட்சம் மக்கள் வாழும் சிறு நகரம். அதன் அணிக்குத் தனி முதலாளி கிடையாது, பொதுமக்களே பங்குதாரர்கள். 2019, 2020, 2021 ஆகிய மூன்று சீசன்களிலும் அந்த அணி தலா 13 வெற்றிகளைப் பெற்றது. குவார்ட்டர்பேக் ஆரோன் ராட்ஜர்ஸ் 2020, 2021 ஆண்டுகளில் தொடர்ந்து லீக்கின் சிறந்த வீரர் விருதை வென்றார்.

அவரது வெற்றியின் மறுபாதியாக இருந்தவர் வைட் ரிசீவர் டவான்டே ஆடம்ஸ். 2021 சீசனில் அவர் 123 பந்துகளைப் பிடித்து 1,553 யார்டு முன்னேறினார். ஒரே சீசனில் அந்த அணியின் வீரர் ஒருவர் எட்டிய உச்ச அளவுகள் இவை.

2022 மார்ச் மாதம் ராட்ஜர்ஸுடன் மூன்று ஆண்டுகளுக்குச் சுமார் 15 கோடி டாலர் மதிப்பில் புதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே மாதத்தில் ஆடம்ஸ் லாஸ் வேகாஸ் ரெய்டர்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். அங்கே அவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.8 கோடி டாலர் ஊதியம் நிர்ணயிக்கப்பட்டது. இருவரின் சராசரி ஊதியமும் சேர்ந்தால் வரம்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும். ஒப்பந்தத் தொகையைப் பல ஆண்டுகளுக்குப் பகிர்ந்து கணக்கில் வைக்க விதிகள் இடமளித்தாலும், என்றேனும் ஒருநாள் அதை ஈடுகட்டியே ஆக வேண்டும்.

ஆயினும் பணம் மட்டுமே இதற்குக் காரணமன்று. கலிபோர்னியாவில் பிறந்து வளர்ந்த ஆடம்ஸுக்கு ரெய்டர்ஸ் சிறுவயது முதலே விருப்பமான அணி. அதன் அப்போதைய குவார்ட்டர்பேக் டெரெக் கார், கல்லூரிக் காலத்தில் அவருடன் ஆடிய நண்பர்.

ஆடம்ஸுடன் மற்றொரு முக்கிய ரிசீவரான மார்குவெஸ் வால்டெஸ்-ஸ்கேண்ட்லிங்கும் விலகி, கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணியில் சேர்ந்தார். எஞ்சியவர்களில் ஆலன் லசார்ட் அதுவரை முதன்மை ரிசீவராகப் பொறுப்பேற்றதில்லை. ராண்டல் காப் 32 வயதை எட்டிக்கொண்டிருந்தார்.

டிராஃப்ட் கைகொடுத்ததா?

கல்லூரி வீரர்களை லீக் அணிகள் வரிசை முறையில் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு 'டிராஃப்ட்' எனப்படுகிறது. முந்தைய சீசனில் பின்தங்கிய அணிக்கு முதல் வாய்ப்பு வழங்கப்படும். ஆடம்ஸை விட்டுக்கொடுத்ததற்கு ஈடாகப் பேக்கர்ஸ் அணிக்கு 22, 53 ஆகிய இடங்களில் தேர்வு வாய்ப்புகள் கிடைத்தன.

ஆனால், 2022 ஏப்ரலில் நடந்த அந்த நிகழ்வில் முன்னணி ரிசீவர்கள் 6 பேரை மற்ற அணிகள் முதல் 18 இடங்களுக்குள்ளாகவே எடுத்துக்கொண்டன. 22-ஆவது வாய்ப்பில் பேக்கர்ஸ் ஒரு தற்காப்பு வீரரைத் தேர்ந்தெடுத்தது. அடுத்த நாள், 53, 59 ஆகிய இரு வாய்ப்புகளையும் விட்டுக்கொடுத்து 34-ஆவது இடத்தைப் பெற்று, வடக்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழக வீரர் கிறிஸ்டியன் வாட்சனைச் சேர்த்தது. 6 அடி 4 அங்குல உயரமுள்ள அவர் 40 யார்டு தூரத்தை 4.36 நொடிகளில் ஓடியவர். நான்காம் சுற்றில் ரோமியோ டவ்ஸ் தேர்வானார்.

எண்ணிக்கை நிரம்பிவிட்டது. ஆனால் காலம் போதவில்லை. வாட்சனுக்கு ஜூன் மாதம் முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்ததால், பயிற்சி முகாமின் முதல் வாரங்களை அவர் இழந்தார். இளம் ரிசீவர்கள் பந்தைத் தவறவிடுவதாகவும், தவறான பாதையில் ஓடுவதாகவும் ராட்ஜர்ஸ் ஆகஸ்டில் வெளிப்படையாகவே குறை கூறினார்.

முதல் ஆட்டம், முதல் பந்து

2022 செப்டம்பர் 11 அன்று மினசோட்டா வைக்கிங்ஸ் அணிக்கு எதிராகப் பேக்கர்ஸ் களமிறங்கியது. அந்த அணியின் முதல் முயற்சியிலேயே வாட்சன் தடுப்பாளரை முந்திச் சென்றுவிட்டார். ராட்ஜர்ஸ் எறிந்த நீண்ட பந்து நேராக அவரது கைகளில் வந்து இறங்கியது. எதிரே தடுக்க யாருமில்லை. பிடித்திருந்தால் 75 யார்டு டச்டவுன். ஆனால் பந்து கைநழுவித் தரையில் விழுந்தது. ஆட்டம் 23-7 என்ற கணக்கில் வைக்கிங்ஸ் வசமாயிற்று.

அந்த ஒரு பந்தினால் மட்டுமே சீசன் சரிந்ததாகக் கூற இயலாது. எனினும் அக்டோபரில் தொடங்கிய தொடர் 5 தோல்விகள் அணியின் நிலையை வெளிப்படுத்தின. ஆடம்ஸ் களத்தில் இருந்தவரை எதிரணிகள் அவரைத் தடுக்க இருவரை நிறுத்த வேண்டியிருந்தது. அவர் இல்லாதபோது அந்த இரண்டாமவர் ஓட்ட ஆட்டத்தைத் தடுக்க முன்வந்துவிட முடிந்தது. ஒரு ரிசீவர் இல்லாததன் பாதிப்பு அவருடைய இடத்தோடு நிற்காமல் அணி முழுவதும் பரவியது இவ்வாறுதான்.

முந்தைய சீசனில் ராட்ஜர்ஸ் எறிந்த பந்துகளில் 4 மட்டுமே எதிரணியால் பறிக்கப்பட்டன. 2022-இல் அது 12 ஆயிற்று. அவரது டச்டவுன் எறிதல்கள் 37-லிருந்து 26-ஆகக் குறைந்தன.

நவம்பரில் மாற்றம் தெரிந்தது. டல்லாஸ் கவ்பாய்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் வாட்சன் 3 டச்டவுன்களை அடித்தார். அடுத்தடுத்த 4 ஆட்டங்களில் அவர் அடித்தவை மொத்தம் 8. செப்டம்பரில் தேவைப்பட்ட புரிதல் நவம்பரில்தான் கைகூடியது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. வென்றால் அடுத்த சுற்று என்ற நிலையில் 2023 ஜனவரி 8 அன்று சொந்த மைதானத்தில் டெட்ராய்ட் லயன்ஸ் அணியிடம் 20-16 எனத் தோற்று, 8 வெற்றி, 9 தோல்விகளுடன் பேக்கர்ஸ் வெளியேறியது.

ஆடம்ஸைப் பெற்ற அணி வென்றதா?

புதிய அணியில் ஆடம்ஸின் திறமை குன்றவில்லை. சரியாக 100 பந்துகளைப் பிடித்து, லீக்கிலேயே அதிகமாக 14 டச்டவுன்களை எடுத்தார். ஆனாலும் ரெய்டர்ஸ் அணிக்குக் கிடைத்தவை 6 வெற்றிகள் மட்டுமே. எந்த நண்பருடன் ஆட அவர் வந்தாரோ, அந்த டெரெக் கார் சீசன் முடியும் முன்பே அணியின் ஆடும் வரிசையிலிருந்து நீக்கப்பட்டு, 2023 பிப்ரவரியில் விடுவிக்கப்பட்டார்.

பின்னர் 2024 அக்டோபரில் நியூயார்க் ஜெட்ஸ் அணியில் ஆடம்ஸும் ராட்ஜர்ஸும் மீண்டும் இணைந்தனர். அந்த அணியும் 5 வெற்றி, 12 தோல்விகளுடனேயே சீசனை முடித்தது. புரிதல் எவ்வளவு முக்கியமோ, எறிபவரைக் காக்கும் தடுப்பு வரிசையும் வீரர்களின் வயதும் அந்த அளவுக்கு முக்கியம் என்பதை இது உணர்த்துகிறது.

கன்சாஸ் சிட்டி தப்பித்தது எப்படி?

அதே 2022 மார்ச் மாதத்தில் கன்சாஸ் சிட்டி அணியும் தனது அதிவேக ரிசீவர் டைரீக் ஹில்லை மயாமி டால்பின்ஸ் அணிக்கு விட்டுக்கொடுத்தது. பதிலாக 5 டிராஃப்ட் வாய்ப்புகளைப் பெற்றது. ஆனால் அந்த அணி வீழவில்லை. 2023 பிப்ரவரியில் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியை 38-35 என வீழ்த்திச் சூப்பர் பவுல் கோப்பையை வென்றது.

இரு அணிகளும் ஒரே மாதத்தில் ஒரே வகையான முடிவை எடுத்தன. முடிவுகள் மாறுபட்டதற்கு முக்கியக் காரணம் டிராவிஸ் கெல்சி. வைட் ரிசீவராக அல்லாமல், தடுப்பு வரிசையை ஒட்டி நிற்கும் 'டைட் எண்ட்' வீரரான அவர், குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸுடன் பல ஆண்டுகளாக ஆடி வந்தவர். அந்த சீசனில் 110 பந்துகளைப் பிடித்தார். ஹில் சென்ற பின்னும் மஹோம்ஸ் கண்ணை மூடிக்கொண்டு நம்ப ஓர் ஆள் மிச்சம் இருந்தார். கிரீன் பேயில் அத்தகையவர் மிஞ்சவில்லை.

கன்சாஸ் சிட்டியும் பற்றாக்குறையின் வலியை முற்றிலும் தவிர்த்துவிடவில்லை. 2023 சீசனின் தொடக்க ஆட்டத்தில் ரிசீவர்கள் பந்துகளைத் தவறவிட்டதால், லயன்ஸ் அணியிடம் 21-20 என ஒரே புள்ளியில் தோற்றது. எனினும் அந்த சீசனிலும் கோப்பை அந்த அணிக்கே கிடைத்தது.

சில நாள்களே இருக்கும்போது என்ன வழி?

சீசன் தொடங்கச் சில நாள்களே எஞ்சியிருக்கையில் அணிகளுக்கு மூன்று வழிகள் உள்ளன. ஆகஸ்ட் இறுதியில் எல்லா அணிகளும் 90 வீரர்களை 53-ஆகக் குறைக்கும்போது நூற்றுக்கணக்கானோர் வேலை இழக்கின்றனர். அவர்களிலிருந்து ஒருவரை எடுப்பது முதல் வழி. போட்டியில் ஆடாமல் அணியுடன் பயிற்சி மட்டும் பெறும் வீரர்களில் ஒருவரை உயர்த்துவது இரண்டாவது. வேறோர் அணியிடமிருந்து அனுபவசாலி ஒருவரைப் பேரம் பேசி வாங்குவது மூன்றாவது.

2025 ஆகஸ்டில் வைக்கிங்ஸ் மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்தது. ஜோர்டான் அடிசனுக்கு முதல் 3 ஆட்டங்களில் ஆடத் தடை. ஜேலன் நெய்லருக்குக் கையில் காயம். இந்நிலையில் 35 வயதான ஆடம் தீலனைக் கரோலினா பாந்தர்ஸ் அணியிடமிருந்து திரும்பப் பெற்றது. 2013-இல் டிராஃப்டில் எவராலும் தேர்ந்தெடுக்கப்படாமல், இதே வைக்கிங்ஸ் அணியின் பயிற்சி முகாமில் வாய்ப்புக் கேட்டு நுழைந்து நட்சத்திரமானவர் அவர். வேகத்தில் அவரை மிஞ்சும் இளைஞர்கள் பலர் கிடைத்திருப்பார்கள். அணி நாடியது அவருடைய அனுபவத்தையே.

காத்திருந்து பெற்ற பலன்

பேக்கர்ஸ் அணி வேறொரு வழியையும் காட்டியது. 2023 ஏப்ரலில் ராட்ஜர்ஸ் விலகிய பின், இளம் குவார்ட்டர்பேக் ஜோர்டான் லவ்வுடன், முதலாம், இரண்டாம் ஆண்டு ரிசீவர்களை மட்டுமே நம்பிக் களமிறங்கியது. முதல் பாதியில் தடுமாறினாலும் இறுதியில் 9 வெற்றிகளுடன் அடுத்த சுற்றை எட்டியது. 2024 ஜனவரியில் பலம் வாய்ந்த கவ்பாய்ஸ் அணியை அதன் மைதானத்திலேயே 48-32 என வென்றது. அந்த ஆட்டத்தில் 151 யார்டு முன்னேறியவர், நான்காம் சுற்றில் எடுக்கப்பட்ட ரோமியோ டவ்ஸ்.

டிராஃப்டில் வரும் புதுமுகங்களுக்கு முதல் 4 ஆண்டுகளுக்கான ஊதியம் ஏறத்தாழ முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டுவிடுகிறது. ஆகவே இளைஞர்களை வளர்ப்பது செலவு குறைந்த வழி. 2025 மார்ச்சில் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணி தனது ரிசீவர் ஜமார் சேஸுக்கு 4 ஆண்டுகளுக்கு 16.1 கோடி டாலர் வழங்க ஒப்புக்கொண்டதை எண்ணிப் பார்த்தால், அந்த வேறுபாடு எத்தகையது என்பது விளங்கும்.

ஆயினும் காயம் எந்தத் திட்டத்தையும் கலைத்துவிடும். 2025 ஜனவரியில் வாட்சனின் முழங்கால் தசைநார் கிழிந்தது. அதே ஏப்ரலில், கிரீன் பே நகரிலேயே நடந்த டிராஃப்டில், டெக்சாஸ் பல்கலைக்கழக வீரர் மேத்யூ கோல்டனை 23-ஆவது இடத்தில் பேக்கர்ஸ் தேர்ந்தெடுத்தது. 2002-க்குப் பிறகு முதல் சுற்றில் அந்த அணி எடுத்த முதல் வைட் ரிசீவர் அவர்.

இந்தியாவுக்கு என்ன தொடர்பு?

இந்த விளையாட்டின் எளிய வடிவமான 'ஃபிளாக் கால்பந்து', 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம்பெறுகிறது. இதற்கான ஒப்புதல், 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் குழுவின் அமர்வில்தான் வழங்கப்பட்டது. கிரிக்கெட் ஒலிம்பிக்குக்குத் திரும்பும் முடிவும் அதே அமர்வில் எடுக்கப்பட்டது.

ஃபிளாக் கால்பந்தில் ஒரு பக்கத்துக்கு 5 பேர் மட்டுமே ஆடுவார்கள். மோதி வீழ்த்துவதற்குப் பதிலாக, இடுப்பில் தொங்கும் துணிப்பட்டையை உருவினால் போதும். ஆண்கள், பெண்கள் என இரு பிரிவுகளிலும் போட்டி நடைபெறும். உடல் மோதலுக்கு இடமில்லாத அந்த வடிவத்தில் எறிவதும் பிடிப்பதுமே ஆட்டத்தின் பெரும்பகுதி. எனவே எறிபவருக்கும் பிடிப்பவருக்கும் இடையிலான புரிதலின் தேவை அங்கே இன்னும் அதிகமாகவே இருக்கும்.